பத்துக்கு எத்தனை என்று கேட்ட தம்பிக்கு

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இந்த மழைக்காலத்தில் வீட்டோடு இருந்து பன்னிரண்டு ஆல்பம் கேட்டாராம். நண்பர்களோடு மார்க்கை ஒப்பிட்டுப் பார்த்தால், இவருடைய பன்னிரண்டும் ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவிலேயே நிற்கிறது. நண்பர்கள் சிரிக்கிறார்கள். "எனக்கு ரசனை இல்லையா, இல்லை மார்க் போடத் தெரியவில்லையா? நீங்கள் சமீபத்தில் கேட்டது என்னென்ன, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்?" இதுதான் கேள்வி.

ரசனை இருக்கிறது தம்பி. அது இல்லாதவன் பன்னிரண்டு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து கேட்க மாட்டான். கோளாறு மார்க் போடுவதில்தான். 1989 முதல் 2001 வரை தக்கலையில் கேசட் கடை வைத்திருந்தவன் நான். கடை என்றால் பாதி விற்பனை, பாதி ரெக்கார்டிங். ஒரு தாளில் பாட்டு எழுதிக்கொண்டு வந்து தருவார்கள், தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் பதிந்து கொடுப்போம். அதுவும் ஒருவகைத் திருட்டுதான், இசையமைப்பாளருக்கு அதில் காலணா போகவில்லை. இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம். அந்தப் பன்னிரண்டு வருஷமும் வருகிற ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு நோட்டில் மார்க் எழுதி வைத்தேன். எத்தனை கேசட் வாங்கிப் போடுவது என்று முடிவு செய்யத்தான். அதனால் தப்பாகப் போட்ட மார்க் எனக்குக் காசு நஷ்டம்.

உங்கள் எட்டு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலில் நின்ற மாவட்டம் நம் கன்னியாகுமரி. பெருமைதான். ஆனால் ஐம்பது மார்க் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஐந்து என்றால் நமக்கு அது தோல்வி, அடி, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடு. அதனால் பிடித்த பாடகருக்கு ஐந்து போட நமக்குக் கை வராது. எட்டில் ஆரம்பிக்கிறோம், பிடித்தால் அரை கூட்டுகிறோம், பிடிக்காவிட்டால் அரை குறைக்கிறோம். பத்து மார்க் இருந்தும் ஒரு மார்க்கைத்தான் பயன்படுத்துகிறோம்.

இதைவிட நல்ல அளவுகோல் நம் பேச்சிலேயே இருக்கிறது. கல்குளம், விளவங்கோடு பக்கம் ஒருவர் பாட்டைக் கேட்டுவிட்டு "கொள்ளாம்" என்பார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதையே "ஆ... கொள்ளாம்" என்று இழுத்தால், இதைப் பற்றி மேலே என்னிடம் கேட்காதே என்று அர்த்தம். "தரக்கேடில்ல" என்றால் ஒரு படி கீழே, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவுதான். ஒன்றும் சொல்லாமல் "இன்னொரு தடவை போடு" என்றால் அதுதான் மேல்படி. கடையில் இந்த நாலையும் வைத்தே என்னால் விற்பனையைச் சொல்லிவிட முடிந்தது. எண்ணாக மாற்றினால் என் கணக்கு இப்படி: தரக்கேடில்ல ஐந்து, கொள்ளாம் ஆறு. ஏழு என்றால் ஒரு மாதம் கழித்து நானாகத் தேடிப் போய்க் கேட்பேன். எட்டு என்றால் வருகிறவர்களைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்க வைப்பேன். ஒன்பது ஒரு வருஷமாவது தாங்க வேண்டும், அதைக் கேட்ட அன்றைக்கே கொடுக்க முடியாது. பத்தை விட்டுவிடுங்கள்.

அப்புறம், எதில் கேட்டீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. போனிலா, கையடக்க புளூடூத் ஸ்பீக்கரிலா, காதுக்குள் வைக்கிற இயர்போனிலா? இது சின்ன விஷயம் இல்லை. நாலு கம்பி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் அந்த ஓசை வெளியே வரவே வராது. அதோடு சேர்ந்து எழுகிற மேல்சுரங்களைப் பிடித்துக்கொண்டு காதுதான் மீதியைக் கற்பனை செய்கிறது. போன் ஸ்பீக்கரில் கேட்டுப் போட்ட எட்டு, பாதி ஆல்பத்துக்குப் போட்ட எட்டு. இன்னொன்று, சத்தம் கொஞ்சம் கூடினாலே எல்லாக் காதுக்கும் அது "நல்ல" பாட்டாகத் தோன்றும். இரண்டு ஆல்பத்தை ஒப்பிடும்போது முதலில் வால்யூமைச் சமமாக வையுங்கள். மைக் செட்காரர்களிடம் கேளுங்கள், கோவில் கொடையில் பக்கத்துத் தெரு செட்டைத் தோற்கடிக்க அவர்கள் முதலில் செய்வது என்ன என்று.

என் நோட்டில் உள்ள பெரிய தப்பே இதில் வந்ததுதான். 1997 பொங்கலுக்கு வந்த "இருவர்". கேசட் வந்த அன்று பகல் பதினொரு மணிக்குக் கடையில் போட்டேன். வாசலில் திருவனந்தபுரம் பஸ் ஹாரன், உள்ளே ஒருவர் பாக்கி கேட்டு நிற்கிறார், ஸ்பீக்கர் ஷட்டருக்கு மேலே தெருவைப் பார்த்துத் தொங்குகிறது. ஆஷா போஸ்லே பாடிய "வெண்ணிலா வெண்ணிலா" வந்தது. தாளம் எங்கே என்றே பிடிபடவில்லை. நாலு மார்க் எழுதினேன், ஐந்து கேசட் போதும் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கணக்குப் பார்த்துக்கொண்டே ஹெட்போனில் அதையே போட்டேன். அடியில் பேஸ் நடந்து போவது அப்போதுதான் கேட்டது. பகலில் பஸ் சத்தம் விழுங்கியது அதைத்தான். அந்த நடை இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை. ஐம்பதுகளின் கிளப் இசையை அப்படியே எடுத்து வைக்காமல், அந்தக் காலத்து ஆட்கள் எப்படிக் கேட்டிருப்பார்களோ அப்படி வைத்திருக்கிறார் ரஹ்மான். நாலை அடித்து ஆறு ஆக்கினேன். அந்த வருஷ ஓணத்துக்குள் ஆறையும் அடித்து ஒன்பது. நோட்டில் அந்த இடத்தில் தாளே கிழிந்திருக்கிறது. படம் ஓடவில்லை, கேசட் மெல்ல மெல்ல விற்றது, நான் கடைசி வரை ஐந்து ஐந்தாகத்தான் வாங்கிப் போட்டேன் என்பது தனிக்கதை.

சரி, சமீபத்தில் கேட்டதற்கு வருகிறேன். எல்லாம் புதிது இல்லை. எனக்குப் புதிது என்பது இந்த வருஷம் ஒழுங்காக உட்கார்ந்து கேட்டது.

"ஹவ் டு நேம் இட்", 1986. இளையராஜா தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கையாகச் செய்தது. இதில் எனக்கு ஒரு கடைக்கதை உண்டு. தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம். ஒன்பது பாட்டு பதிந்த பிறகு மூன்று நிமிஷம், இரண்டரை நிமிஷம் என்று மிச்சம் நிற்கும். வாடிக்கையாளரிடம் கேட்காமலே அந்த இடத்தில் இந்த ஆல்பத்திலிருந்து ஒரு துண்டைப் பதிந்து, நாடா முடியும் முன் சத்தத்தை மெல்ல இறக்கிவிடுவேன். பேர் எழுத மாட்டேன். நாலு பேர் திரும்பி வந்து "கடைசியில் ஒரு வயலின் வருதே, அது எந்தப் படம்?" என்று கேட்டார்கள். படம் இல்லை என்று சொன்னால் நம்பவில்லை. பிறகு பாலு மகேந்திராவின் "வீடு" படத்தில் இந்த இசை பின்னணியாக வந்ததால் அந்த நாலு பேரும் ஒருவகையில் ஜெயித்துவிட்டார்கள்.

இந்தத் தடவை நான் கேட்டது நெய்யூர்ப் பக்கம் ஒரு நண்பர் வீட்டில். ஓய்வு பெற்ற வாத்தியார், சர்ச் பாடகர் குழுவில் நாற்பது வருஷமாக பேஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவர். சொல்ஃபா நோட்டை, அதாவது டோ ரே மீ என்று சுரம் எழுதுகிற முறையைப் பார்த்தே வளர்ந்த காது. நமக்கெல்லாம் மேலே ஓடுகிற மெட்டு கேட்கும், அவருக்கு முதலில் அடிக்குரல் கேட்கும். பாக் தனி வயலினுக்கு எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டாவை எடுத்து வைத்திருக்கிற "ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்" ஓடும்போது அவர் என்ன செய்தார் தெரியுமா? வி.எஸ்.நரசிம்மனின் வயலினை விட்டுவிட்டார். அதைச் சுற்றி ராஜா புதிதாக எழுதிச் சேர்த்த குரல்களை, ஆள்காட்டி விரலால் மேஜையில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "இது ஆல்ட்டோ, பாரு, இங்க ஏறுது. இந்தா, டெனர் இறங்குது. ரெண்டும் முட்டல பாத்தியா?" முப்பது வருஷம் கேட்ட எனக்கு அன்றுதான் அது கட்டிடமாகத் தெரிந்தது. ஒன்பதரை. அந்த அரை அவருக்கு.

"திருவாசகம்", 2005, அதே இளையராஜா, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு. இதற்கு ஏழரைதான் கொடுக்கிறேன், பலர் சண்டைக்கு வருவார்கள். சுமார் இருபது நிமிஷம் ஓடுகிற "பொல்லா வினையேன்" மட்டும் தனியாக வந்திருந்தால் ஒன்பது. நடுவில் ஆங்கில வரிகள் வருவது வாத்தியார் நண்பருக்குப் பிடித்தது. எனக்கு ஒவ்வொரு தடவையும் ஓதுவார் பாடிக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்த மாதிரி இருக்கிறது. ஆனால் என் குறை அது இல்லை. மாணிக்கவாசகர் தனக்குத்தானே முணுமுணுத்து அழுகிற இடங்கள் இருக்கின்றன. அங்கேயும் வாத்தியக் குழு முழுசாக எழுந்து நிற்கிறது. சுசீந்திரத்தில் அர்த்தஜாம பூஜை நேரத்தில், ஆள் குறைந்த பிரகாரத்தில் ஒருவர் மெல்லிய குரலில் தேவாரம் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

"அவியல்", 2008. திருவனந்தபுரத்து ராக் குழு, குழுவின் பேரே ஆல்பத்தின் பேரும். மலையாளம் நமக்கு அயல் பாஷை இல்லை என்பதால் சேர்க்கிறேன். இதை முன்பு எவனோ கத்துகிறான் என்று ஒதுக்கியிருந்தேன். ஆல்பத்தில் "ஆடு பாம்பே" என்று ஒரு பாட்டு. நாராயண குரு எழுதிய குண்டலினிப் பாட்டு அது. குரு தவம் இருந்தது நம் மருத்துவாழ் மலையில், பிள்ளைத்தடம் குகையில். இந்த "ஆடு பாம்பே" என்கிற முடிப்பு நம் பாம்பாட்டிச் சித்தர் பாட்டிலிருந்து வருகிற முடிப்பு. தமிழ்ச் சித்தர் மரபு மலையேறி, மலையாளமாகி, எலக்ட்ரிக் கிட்டாரோடு திரும்பி வந்திருக்கிறது. இது தெரிந்ததால் மார்க் கூடியதா என்று கேட்டால், ஆமாம், கூடியது. தெரிந்துகொண்டு கேட்பதும் கேட்பதுதான். எட்டு. தெரியாமல் கேட்டிருந்தால் ஏழு போட்டிருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"கர்ணன்", 2021, சந்தோஷ் நாராயணன். கிடாக்குழி மாரியம்மாள் "கண்டா வரச் சொல்லுங்க" என்று கூப்பிடுகிற குரலில் பாட்டு வாத்தியார் யாரும் திருத்தாத ஒரு கரகரப்பு இருக்கிறது, அதை ஒலிப்பதிவில் வழித்துத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். அதற்காகவே எட்டு. பாடகி தீ பாடிய பாட்டு வரும்போது ஊர் கொஞ்சம் மாறிவிடுகிறது என்பது என் எண்ணம். என் மகள் இதை ஏற்கவே இல்லை. அவளுக்கு அதுதான் ஆல்பத்திலேயே பெரிய பாட்டு. வீட்டில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

"பொன்னியின் செல்வன்" முதல் பாகம், 2022. ஆறு பாட்டு. ஏழு. "அலைகடல்" மட்டும் எனக்கு எட்டரை. அந்தரா நந்தியின் குரலைத் தண்ணீர் மேல் படகு மாதிரி விட்டிருக்கிறார்கள், எந்தத் தாளமும் அதைப் பிடித்து இழுக்கவில்லை. குளச்சலில் வள்ளம் வைத்திருக்கிற ஒருவரிடம் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். "கடல் நல்லா இருக்கு, ஆனா இதுல காத்தே இல்லையே அண்ணே" என்றார். இதைவிடச் சுருக்கமான விமர்சனம் நான் படித்ததில்லை.

நீலகண்ட சிவன் பாடல்கள் மட்டும் அடங்கிய ஒரு கச்சேரித் தொகுப்பு, பாடியவர் பேர் வேண்டாம். நீலகண்ட சிவன் நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்தவர், பத்மநாபபுரத்தில் இருந்தவர், 1900-ல் காலமானவர். பாபநாசம் சிவனுக்கே முன்னோடி. "என்றைக்கு சிவகிருபை" முகாரி, "ஆனந்த நடமாடுவார்" பூர்விகல்யாணி. நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இவர் பேர் தெரியாது என்கிற ஆத்திரத்தில் ஒன்பது போடலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் பாடியவர் முகாரியைப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி பாடினார். பாட்டுக்குப் பத்து, ஆல்பத்துக்கு ஆறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, போன வருஷம் வந்த ஒரு பெரிய நடிகர் படத்து ஆல்பம், இதற்கும் பேர் வேண்டாம். ஒவ்வொரு பாட்டையும் மாதத்துக்கு ஒன்றாக விட்டார்கள். ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி தாண்டினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அது பாட்டு கட்டுகிறவர்களுக்கும் தெரியும். அதனால் எல்லாப் பாட்டும் முதல் விநாடியிலேயே கூரையில் ஏறி நின்று கத்துகின்றன. ஆறு பாட்டையும் வரிசையாகக் கேட்டால், ஆறு பேர் ஒரே நேரத்தில் ஆட்டோ பிடிக்கிற மாதிரி இருக்கிறது. நாலு.

இப்போது உங்கள் மார்க்குக்குத் திரும்புவோம். ஒவ்வொரு பாட்டுக்கும் மார்க் போட்டு, கூட்டி, வகுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த அரைகளும் காலுமே காட்டிக் கொடுக்கின்றன. அதை நிறுத்துங்கள். ஆறு பாட்டு உள்ள ஆல்பம் என்று வையுங்கள். எல்லாப் பாட்டும் ஏழு வாங்கிய ஆல்பமும், இரண்டு பாட்டு பத்தும் மீதி ஐந்தரையும் வாங்கிய ஆல்பமும் வகுத்தால் ஒன்றுபோலவே ஏழில் வந்து நிற்கும். ஒன்றை ஒரு வருஷத்தில் மறந்துவிடுவீர்கள், இன்னொன்றை உங்கள் கல்யாண வீடியோவில் போடுவீர்கள்.

நம் ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டு நடப்பதைப் பாருங்கள். வலம் பாடுகிற தலைமைப் பாடகர் ராத்திரி தொடங்கினால் கதை முடிய மணிக்கணக்காகும். நடுவில் குடம் அடிக்கிறவர் சோர்வார், இடம் பாடுகிறவர் அடியை விடுவார், கூட்டம் டீ குடிக்கப் போகும். யாரும் பாட்டுப் பாட்டாக மார்க் போடுவதில்லை. சுடலைமாடன் கதையில் அந்த இடம் வரும்போது உடுக்கு ஏறி, சாமி வர வேண்டியவர் மேல் வந்ததா இல்லையா என்பதுதான் கணக்கு. வந்துவிட்டால் மற்ற குறை எல்லாம் மன்னிப்பு. வரவில்லை என்றால் எவ்வளவு இனிமையாகப் பாடியிருந்தாலும் மறுவருஷம் அந்தக் குழுவுக்கு அழைப்பு இருக்காது. ஆல்பத்தையும் நான் அப்படித்தான் கேட்கிறேன். எங்கே ஏறுகிறது? அந்த இடத்துக்குக் கொண்டுபோக முன்னால் உள்ள பாட்டுகள் வேலை செய்கின்றனவா? ஏறிய பிறகு எப்படி இறக்கிவிடுகிறார்கள்? வரிசையை மாற்றிப் போடுகிற ஷஃபிளில் கேட்டால் இது ஒன்றுமே தெரியாது, அதை அணைத்துவிடுங்கள்.

உங்கள் பன்னிரண்டில் எதையாவது இரண்டு தடவைக்கு மேல் கேட்டீர்களா? இல்லை என்றால் எல்லா மார்க்கையும் பென்சிலில் எழுதுங்கள். முதல் தடவை நடந்துகொண்டே கேட்கலாம், மழையில் ஜன்னல் ஓரம் கேட்கலாம். இரண்டாவது தடவை நல்ல ஹெட்போனில், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு. மூன்றாவது இரண்டு வாரம் கழித்து. அந்த இரண்டு வாரத்தில் எந்தப் பாட்டு தானாக வாயில் வந்தது என்பதையும் குறித்து வையுங்கள், அது பொய் சொல்லாது. மார்க்குக்குப் பக்கத்தில் தேதியும், எதில் கேட்டேன் என்பதும், ஒரே ஒரு வரியும் எழுதுங்கள். "எட்டு, அருமை" என்று எழுதினால் உங்கள் நண்பர் சிரிப்பார். "ஏழு, மூன்றாவது பாட்டின் நாதஸ்வரத்துக்காக, கடைசி இரண்டும் தேவையில்லை" என்று எழுதினால் சண்டைக்கு வருவார். சண்டை நல்லது.

பன்னிரண்டையும் மறுபடி கேட்டு, ஐந்தில் ஆரம்பித்து மார்க் போட்டு அனுப்புங்கள். குறைந்தது மூன்று ஆல்பமாவது ஐந்துக்குக் கீழே போகும் என்று என் கணிப்பு. நான் இந்த வாரம் "கர்ணனை" மறுபடி போடப் போகிறேன், மகளோடு உட்கார்ந்து, அவள் ஹெட்போனில். எட்டு மாறினால் எழுதுகிறேன்.